விண்மீன் கோட் தப்பான விடை தருகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்து, பிறகு பௌதிகவியலை எடுத்துக்கொண்ட பிள்ளைகளில் யாராவது ஒருவர் இறுதி ஆண்டுச் செயற்றிட்டத்துக்கு விண்மீன்களைத் தெரிவு செய்துவிடுவார். சூரியனின் நடுவில் ஐதரசன் என்ன வீதத்தில் ஈலியமாகிறது என்று கணக்குப் போட வேண்டும். சமன்பாடு ஒரு வரி, பைதனில் முப்பது வரிக் கோட். ஆனால் விடை மட்டும் வந்து சேராது. வந்தாலும் கோடி மடங்கு தள்ளி நிற்கும்.

அப்போது எல்லாரும் செய்வது, கோட்டை மேலிருந்து கீழாக மறுபடி மறுபடி வாசிப்பது. அதை விடுங்கள். இந்தக் கணக்கில் எல்லாமே அடுக்குக்குறிச் சார்புக்குள் இருக்கிறது. ஒவ்வொரு தவறும் தனக்கே உரிய அளவில்தான் விடையைக் கெடுக்கும். ஆகவே முதலில் உங்கள் விடையைச் சரியான விடையால் வகுத்துப் பாருங்கள். அந்த விகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டைத் திறந்தால் பெரும்பாலும் நேரே தவறான வரிக்கே போய்விடலாம்.

அதற்குச் சில ஒப்பு எண்கள் வேண்டும். வெப்பநிலையை 150 லட்சம் கெல்வின் என்று வையுங்கள். சூரிய மையம் 157 லட்சம்தான், ஆனால் முழு எண் கைக்கு வசதி. தாக்கம் புரோத்தனும் புரோத்தனும்.

வெப்பச் சக்தி, அதாவது போல்ட்ஸ்மன் மாறிலி தரம் வெப்பநிலை: 1.293 கே.ஈ.வி. (கிலோ இலத்திரன்வோல்ட்)
காமோவ் உச்சி, அதாவது தாக்கங்கள் அதிகமாக நடக்கும் இடம், இருக்கும் சக்தி: 5.9 கே.ஈ.வி.
உச்சியின் அகலம்: 6.4 கே.ஈ.வி.
உச்சிச் சக்தியை வெப்பச் சக்தியால் வகுத்து மூன்றால் பெருக்கிய எண்: 13.7. இதை இனிமேல் ‘காமோவ் அடுக்கு’ என்கிறேன்.
எஸ் காரணி, அதாவது ஊடுருவும் பங்கை நீக்கிய பின் மிஞ்சும் கருத்தாக்கத்தின் பலம்: 4.01×10⁻²² கே.ஈ.வி.-பார்ண்
ஒரு சோடிக்கான சராசரித் தாக்க வீதம்: 1.2 முதல் 1.3×10⁻⁴³ கன சென்ரிமீற்றர்/செக்கன். எஸ் காரணியை மாறிலியாக வைத்தால் 1.2ஐ ஒட்டி வரும்; சக்தியோடு அது மெல்லக் கூடுவதையும் சேர்த்தால் 1.3.

இந்த ஆறு எண்களையும் கோட் அச்சிடும்படி முதலில் எழுதிவிடுங்கள். எந்த எண்ணில் முதன்முதலாக விலகல் தெரிகிறதோ, பிழை அதற்கு முன்னால் இருக்கிறது.

அறிகுறி: விடை சுத்தமாகப் பூச்சியம்

அதிகம் வரும் முறைப்பாடு இதுதான். காரணம் ஒன்றல்ல.

முதல் காரணம் நம்முடைய உயர்தர இரசாயனவியல். ‘தாக்க வீதம்’ என்றதும் கை தானாக ஆரேனியசுச் சமன்பாட்டை எழுதும். ஏவற்சக்தி இருந்த இடத்தில் கூலோம் தடையைப் போட்டுவிடுவோம். இரண்டு புரோத்தன்கள் ஒரு பெம்ற்றோமீற்றர் நெருங்க வேண்டுமென்றால் 1.44 எம்.ஈ.வி. (ஓர் எம்.ஈ.வி. ஆயிரம் கே.ஈ.வி.) தேவை. சூரிய மையத்தில் வெப்பச் சக்தி 1.35 கே.ஈ.வி. மட்டும். வகுத்தால் ஆயிரத்துக்கு மேல். எதிர்க்குறியுள்ள ஆயிரத்தை அடுக்காக ஏற்றினால் 10இன் அடுக்கு −460ஐ ஒட்டிப் போகும். இரட்டைத் துல்லிய எண் 10⁻³⁰⁸ வரைதான் ஒழுங்காகப் பிடிக்கும், அதற்குக் கீழே கொஞ்சத் தூரத்தில் பூச்சியம். கணினி சொல்வது சரிதான்: மரபுப் பௌதிகத்தின்படி சூரியன் எரியவே கூடாது.

1920களில் இதே சிக்கல் உண்மையாகவே இருந்தது. விண்மீன்களுக்கு இதற்கு வேண்டிய வெப்பம் இல்லை என்று பௌதிகவியலாளர்கள் வாதாடினார்கள். 1928இல் காமோவ், தனியாகக் கேர்னியும் கொண்டனும், துகள் தடையை ஏறாமலே ஊடுருவலாம் என்று காட்டினார்கள். மறு ஆண்டே அட்கின்சனும் ஹௌட்டர்மன்சும் அதை விண்மீனுக்குள் கொண்டுபோனார்கள். உங்கள் கோட்டில் ஊடுருவல் காரணி இருக்கிறதா என்று பாருங்கள். தொகையிடும் சார்பில் இரண்டு அடுக்குக்குறிகள் இருக்க வேண்டும்: சக்தி கூடக் குறைகிற மக்ஸ்வெல்-போல்ட்ஸ்மன் காரணி ஒன்று, சக்தி கூடக் கூடுகிற ஊடுருவல் காரணி ஒன்று. இரண்டும் மோதும் இடத்தில்தான் காமோவ் உச்சி. ஒன்று மட்டும் இருந்தால் உச்சியே இருக்காது, வரைபு போட்டால் உடனே தெரியும்.

இரண்டாவது காரணம் அலகு. பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் எஸ்.ஐ. அலகுக்கு மாற்றி எழுதச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள், நல்ல பழக்கம். ஆனால் சக்தியை யூலில் வைத்து, பூச்சியத்திலிருந்து முடிவிலி வரை தொகையிடு என்று பைதனின் கணிதத் தொகுப்பான சைபையில் இருக்கும் தொகையிடும் சார்பு ‘குவாட்’ இடம் கொடுத்தால், அது பூச்சியத்தைத் தந்துவிட்டு வழுவும் பூச்சியம் என்று சொல்லும். ஏனென்றால் உச்சி 10⁻¹⁵ யூல் பக்கத்தில் இருக்கிறது. குவாட் மாதிரி எடுக்கும் புள்ளிகளோ ஆயிரத்தில் சில பங்கு யூலிலிருந்து மேலே. அந்தப் புள்ளிகளில் எல்லாம் சார்பின் மதிப்பு பூச்சியம். அது பொய் சொல்லவில்லை, நீங்கள் காட்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

இதைவிட மோசமானது, பூச்சியம் வராமல் ஏதோ ஒரு எண் வருவது. சக்தியைக் கே.ஈ.வி.க்கு மாற்றி, 0 முதல் 1000 வரை தொகையிட்டீர்கள் என்று வையுங்கள். குவாட் முதல் சுற்றில் 21 புள்ளிகளை எடுக்கும். அவற்றில் கீழ்ப்பக்கத்து மூன்றும் ஏறத்தாழ 2, 13, 35 கே.ஈ.வி.யில் விழும். உச்சி 6இல், அகலமும் 6. அதாவது உச்சிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சரி, திருப்தி இல்லையென்றால் அது இன்னும் நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்குமே என்று கேட்பீர்கள். பார்க்காது. ஏற்கத்தக்க தனி வழு என்று அதனுள்ளே 1.49×10⁻⁸ என்ற எண் முன்கூட்டியே இருக்கிறது. உங்கள் தொகையீடே 10⁻²⁷ என்ற வரிசையில் இருக்கும்போது எந்த விடையும் அதற்குத் திருப்திதான். அடையாளம் காண எளிய வழி: மேல் எல்லையை 100, 300, 1000 என்று மாற்றிப் பாருங்கள். விடையும் மாறினால் இதுதான் நோய்.

மருந்து: தனி வழு எல்லையைப் பூச்சியமாக்கி, சார்பு வழுவை 10⁻⁸ என்று கொடுங்கள். சக்தியை உச்சிச் சக்தியால் வகுத்துப் பரிமாணமற்ற மாறியாக்குங்கள். மேல் எல்லை உச்சிக்கு அப்பால் ஐந்தாறு அகலம் போதும். காமோவ் அடுக்கை வெளியே எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் சார்பின் உச்ச மதிப்பு ஒன்றாகிவிடும். வெளியே எடுத்ததைக் கடைசியில் பெருக்கிக்கொள்ளலாம். குளிர்ந்த விண்மீனுக்கோ கனமான கருவுக்கோ போகும்போது இந்தக் கடைசி வேலைதான் காப்பாற்றும்.

மூன்றாவது காரணம், வேகத்துக்காக எண்களை ஒற்றைத் துல்லியத்தில் வைத்திருப்பது. ஒற்றைத் துல்லியத்தில் ஒழுங்கான மிகச் சிறிய எண் 10⁻³⁸ அளவு, இழுத்துப் பிடித்தால் 10⁻⁴⁵. சென்ரிமீற்றரில் 10⁻⁴³ தட்டுத்தடுமாறி நிற்கும், இலக்கங்கள் தேய்ந்திருக்கும். மீற்றரில் அதே வீதம் 10⁻⁴⁹, பூச்சியம். கிராபிக்ஸ் அட்டையில் ஓட்டுகிறவர்களுக்கும், யாரோ எழுதிய சி நிரலை எடுத்தவர்களுக்கும் இது வரும்.

அறிகுறி: விடை வருகிறது, ஆனால் ஒரு நிலையான விகிதத்தில் தள்ளி நிற்கிறது

இங்கேதான் வகுத்துப் பார்ப்பது முழுப் பலன் தரும்.

விகிதம் சரியாக 2 என்றால், ஒரே இனத் துகள்களின் சோடியை இருமுறை எண்ணியிருக்கிறீர்கள். புரோத்தன்-புரோத்தன் தாக்கத்துக்கு அரை என்ற காரணி வேண்டும். ஈலியம்-3 உடன் ஈலியம்-3க்கும் அப்படியே. புரோத்தனும் நைதரசனும் என்றால் வேண்டாம். மூன்று ஈலியம் சேர்கிற தாக்கத்தில் ஆறில் ஒன்று.

40 மடங்குக்குச் சற்று மேல் குறைவு: ஒடுக்கிய திணிவுக்குப் பதிலாகப் புரோத்தனின் முழுத் திணிவைப் போட்டிருக்கிறீர்கள். பார்வைக்கு இருமடங்குத் தவறுதானே என்று தோன்றும். ஆனால் திணிவு அடுக்குக்குள்ளே இருக்கிறது. காமோவ் அடுக்கு 13.7இலிருந்து 17.3க்குப் போகிறது, அந்த 3.6 வித்தியாசம் அடுக்குக்குறியில் ஏறினால் 35 மடங்கு, வெளியே இருக்கும் வர்க்கமூலங்களையும் சேர்த்தால் 44. இந்த எண்ணை மனத்தில் வைத்திருங்கள், அடிக்கடி வரும்.

120 மடங்குக்கு மேல் கூடுதல்: ஊடுருவல் காரணியின் அடுக்கில் ‘இரண்டு பை’ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பை மட்டும் இருக்கிறது. அலைச்சார்பின் ஊடுருவலை எழுதிவிட்டு அதை வர்க்கிக்க மறந்தால் இந்தத் தவறு வரும். நிகழ்தகவு என்பது வீச்சத்தின் வர்க்கம்.

ஆயிரம், பத்தாயிரம், பத்து லட்சம் என்று முழுப் பத்தின் அடுக்காக விகிதம் வந்தால் பௌதிகத்தைத் தொடவே வேண்டாம், அலகு மட்டும்தான். கன மீற்றருக்கும் கன சென்ரிமீற்றருக்கும் 10⁶. பார்ண் என்பது 10⁻²⁴ சதுர சென்ரிமீற்றர், 10⁻²⁸ சதுர மீற்றர். இரண்டையும் குழப்பினால் 10⁴. கிலோகிராமுக்கு ஒரு வாற்று என்பது கிராமுக்குச் செக்கனுக்கு 10⁴ ஏர்க், அதுவும் 10⁴. அடர்த்தியில் பிழைத்தால் 10³, எஸ் காரணியைக் கே.ஈ.வி. என்று நினைத்து எம்.ஈ.வி.யில் போட்டாலும் 10³. வானியற்பௌதிகக்காரர் இன்னும் சென்ரிமீற்றரையும் கிராமையும் விடவில்லை. நாம் எஸ்.ஐ.யில் ஊறியவர்கள். என்னைக் கேட்டால், ஒன்றைத் தெரிந்து எடுத்துக் கடைசி வரி வரை அதிலேயே நிற்பது நல்லது. வீதத்தைச் சென்ரிமீற்றரிலும் அடர்த்தியை மீற்றரிலும் வைத்திருக்கும் கோட்டை எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை எழுதியிருந்தாலும் நம்பக் கூடாது.

6×10²³ என்றால் கேட்கவே வேண்டாம், அவகாதரோ. அட்டவணைகளில் பெரும்பாலும் வீதம் அவகாதரோ எண்ணால் பெருக்கப்பட்டு மூலுக்கு என்றுதான் இருக்கும்.

விகிதம் அல்ல, விடையின் அடுக்கே நீண்டுபோயிருந்தால், உதாரணமாக 8×10⁻²⁰ வர வேண்டிய இடத்தில் 10⁻⁴⁴ வந்தால், மடக்கையின் அடியைப் பாருங்கள். ரியாக்லிப் போன்ற தாக்க வீதத் தொகுப்புகள் ஒவ்வொரு தாக்கத்துக்கும் ஏழு குணகங்கள் தருகின்றன. அந்த ஏழும் சேர்ந்து வருவது இயற்கை மடக்கை. அதைப் பத்தின் அடுக்காக ஏற்றினால் இந்தக் கூத்து நடக்கும். அதே தொகுப்பில் இன்னொரு பொறி: ஒரே தாக்கத்துக்கு இரண்டு மூன்று வரிசைக் குணகங்கள் இருக்கலாம், பரிவு (ஒரு குறிப்பிட்ட சக்தியில் தாக்கம் திடீரென எகிறுவது) இல்லாத பகுதிக்கு ஒன்று, ஒவ்வொரு பரிவுக்கும் ஒன்று. எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். முதலாவதை மட்டும் வாசித்துவிட்டு ஓடுகிற கோட் தாழ்ந்த வெப்பநிலையில் சரியாக இருந்து, மேலே போகப் போக விலகும்.

வெப்பநிலையில் இன்னொரு குழப்பம். சில சூத்திரங்கள் வெப்பநிலையைப் பத்து லட்சம் கெல்வினில் கேட்கும், சில நூறு கோடி கெல்வினில். முதலாவதில் காமோவ் அடுக்கின் முன்னால் 42.49 இருக்கும், இரண்டாவதில் 4.249. ஆயிரத்தின் கனமூலம் பத்து, அதுதான் வித்தியாசம். மாற்றிப் போட்டால் அடுக்கு 137 ஆகிவிடும் அல்லது 1.37 ஆகிவிடும். நான் மேலே அடுக்கைத் தனியாக அச்சிடச் சொன்னது இதற்காகத்தான்.

அறிகுறி: ஒரு வெப்பநிலையில் சரி, வரைபின் படித்திறன் தப்பு

வீதத்தையும் வெப்பநிலையையும் மடக்கை அளவில் வரைந்து படித்திறனை எடுங்கள். அது காமோவ் அடுக்கிலிருந்து இரண்டைக் கழித்து மூன்றால் வகுத்த எண்ணாக இருக்க வேண்டும். புரோத்தன்-புரோத்தனுக்கு 150 லட்சம் கெல்வினில் 3.9. நைதரசன்-14இல் புரோத்தன் மோதும் தாக்கத்துக்கு, அதுதான் காபன்-நைதரசன் சுழற்சியின் மிக மெதுவான படி, அதே வெப்பநிலையில் அடுக்கு 61.7, படித்திறன் 20.

கீழே போகிற கோடு வந்தால் எண்ணைப் பாருங்கள். −3/2 என்றால், தொகையீட்டுக்கு வெளியே இருக்கும் வெப்பநிலை மாறுகிறது, உள்ளே இருப்பது மாறவில்லை. −2/3 என்றால், அண்ணளவுச் சூத்திரத்தில் அடுக்கை லூப்புக்கு வெளியே ஒரே தடவை கணித்து வைத்திருக்கிறீர்கள். இரண்டுமே பைதனில் சார்புக்கு வெளியே கிடக்கிற பொது மாறியின் வேலை. வெப்பநிலையைச் சார்புக்கு நேரடியாகக் கையில் கொடுங்கள்.

புரோத்தன்-புரோத்தன் வழியும் காபன்-நைதரசன் சுழற்சியும் சமமாகிற வெப்பநிலை 170, 180 லட்சம் கெல்வின் பக்கம் வர வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. படித்திறன்களின் வித்தியாசம் 16 என்பதால், ஒரு வீதத்தில் இருமடங்குத் தவறு இருந்தாலும் வெட்டும் புள்ளி 4 சதவீதம் மட்டுமே நகரும். ஆகவே வெட்டும் புள்ளி சரி என்பதை வைத்து வீதமும் சரி என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். நேர்முகத்தில் யாராவது கேட்பார்கள்.

அறிகுறி: சூரியன் பத்து மடங்கு பிரகாசமாகிவிட்டது

வீதத்தில் பிழை தேட வேண்டாம். மையத்தின் வலு அடர்த்தியை முழுச் சூரியனின் திணிவால் பெருக்கியிருப்பீர்கள். மையத்தில் கிலோகிராமுக்கு 0.0018 வாற்று. சூரியன் முழுவதற்குமான சராசரி 0.00019. வெளியே போகப் போக வெப்பநிலை இறங்குகிறது, நாலாம் அடுக்கில் வீதம் விழுகிறது. ஆரையின் கால் பங்குக்கு வெளியே ஏறக்குறைய ஒன்றும் நடப்பதில்லை. ஓடு ஓடாகப் பிரித்துக் கூட்டினால்தான் 3.83×10²⁶ வாற்று வரும்.

மையத்தின் அந்த எண்ணே சிறிதாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டுக் கோட்டைக் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. கன மீற்றருக்கு 276 வாற்று, அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதனின் உடம்பு அதே கனவளவுக்கு அதைவிடக் கூட வெளியிடும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி யாழ்ப்பாணத்தில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அந்த வெயிலில் நின்றுகொண்டு இதை நம்புவது கடினம்தான். வெயில் வருவது சூரியனின் பருமனால்.

இருமடங்குப் பிழை சக்திக் கணக்கிலும் வரும். நான்கு புரோத்தன்கள் ஒரு ஈலியமாகும்போது 26.73 எம்.ஈ.வி. அதை ஒவ்வொரு புரோத்தன்-புரோத்தன் தாக்கத்துக்கும் கொடுத்தால் தப்பு. ஈலியம்-3 இரண்டு வேண்டும் என்பதால் முதல் தாக்கம் இரண்டு தடவை நடந்தால்தான் ஒரு ஈலியம்-4. தாக்கம் ஒன்றுக்குப் பாதிதான், அதிலும் நியூத்திரினோ கொண்டு போவதைக் கழித்தால் 13.1.

8 சதவீதம் குறைந்து 24.69 வருகிறதென்றால் அணுத்திணிவுக்குப் பதிலாகக் கருத்திணிவைப் பயன்படுத்தி, இரண்டு பொசித்திரன்களும் இலத்திரன்களோடு அழிவதில் கிடைக்கும் 2.04ஐ விட்டிருக்கிறீர்கள். அணுத்திணிவையே எடுங்கள்: 4×1.007825 இலிருந்து 4.002603ஐக் கழித்து 931.494ஆல் பெருக்கினால் அழிவுச் சக்தி தானாகவே உள்ளே வந்துவிடும்.

அறிகுறி: பூச்சியச் சக்தியில் எண் இல்லை என்று பிழை

ஊடுருவல் காரணியில் சக்தியின் வர்க்கமூலத்தால் வகுக்கிறீர்கள். கீழ் எல்லையை உச்சிச் சக்தியின் ஆயிரத்தில் ஒரு பங்காக வையுங்கள். அங்கே சார்பு எப்படியும் பூச்சியம்தான்.

அறிகுறி: கோட் முடிகிறதே இல்லை, அல்லது தியூத்திரியம் எதிர்க்குறியாகிறது

வீதம் சரியாகிவிட்டது, இனிக் காலத்தோடு கருவினங்கள் எப்படி மாறுகின்றன என்று வகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்கப் போகிறீர்கள். லப்டொப் சூடாகி விசிறி கத்தும், விடை வராது.

சூரிய மையத்தில் ஒரு புரோத்தன் இன்னொரு புரோத்தனோடு இணையக் காத்திருக்கும் சராசரிக் காலம் 1000 கோடி ஆண்டு என்ற வரிசையில் இருக்கிறது. அப்படிப் பிறந்த தியூத்திரியம் ஓரிரு செக்கனில் அடுத்த புரோத்தனைப் பிடித்து ஈலியம்-3 ஆகிவிடும். ஈலியம்-3 சமநிலைக்கு வர லட்சம் ஆண்டுக் கணக்கில் ஆகும். செக்கனும் 1000 கோடி ஆண்டும் ஒரே சமன்பாட்டுத் தொகுதிக்குள். வெளிப்படை முறை எதுவானாலும், ருங்கே-குட்டா உட்பட, மிகச் சிறிய காலத்தைத் தாண்டிப் படி வைக்க முடியாது. மீறினால் விடை ஊசலாடி வெடிக்கும். நூறு கோடி ஆண்டைச் செக்கன் செக்கனாகக் கடப்பதென்றால் 10¹⁶ படிகளுக்கு மேல். செக்கனுக்குப் பத்து லட்சம் படி போட்டாலும் முந்நூறு ஆண்டுக்கு மேல் எடுக்கும். பைதன் அவ்வளவு வேகமும் போகாது.

சைபையின் வகையீட்டுத் தீர்ப்பானுக்கு முறை எதுவென்று சொல்லாவிட்டால் அது ருங்கே-குட்டாவைத்தான் எடுக்கும். ராடோ அல்லது பி.டி.எப். என்று மாற்றுங்கள். அவை உட்படை முறைகள், விறைப்பான, அதாவது இப்படி மிக வேறுபட்ட காலங்கள் கலந்த தொகுதிகளுக்கென்றே இருப்பவை. சொந்தமாக எழுத ஆசையென்றால் பின்னோக்கிய ஒயிலர் முறையே போதும், ஒவ்வொரு படியிலும் ஒரு சிறு தாயச் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

முறையை மாற்றியபின் வேகம் வரும், ஆனால் தியூத்திரியத்தின் வரைபு எதிர்க்குறிக்கும் நேர்க்குறிக்கும் இடையில் நடுங்கும். முறை பிழைத்துவிட்டது என்று பலர் இந்த இடத்தில் பின்வாங்கிவிடுகிறார்கள். முறையில் பிழை இல்லை. தியூத்திரியத்தின் சமநிலை அளவு ஐதரசனோடு ஒப்பிட 10⁻¹⁷ மட்டத்திலோ அதற்கும் கீழோ இருக்கும். தீர்ப்பானின் ஏற்கத்தக்க தனி வழு, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், 10⁻⁶. அதன் கண்ணுக்குத் தியூத்திரியம் என்ற ஒன்றே தெரியாது. ஒவ்வொரு கருவினத்துக்கும் தனித்தனியாகத் தனி வழு கொடுக்கலாம்: ஐதரசனுக்கும் ஈலியம்-4க்கும் 10⁻¹⁰, ஈலியம்-3க்கு 10⁻¹², தியூத்திரியத்துக்கு 10⁻²². சார்பு வழுவையும் அதன் சொந்த மதிப்பான 10⁻³இலிருந்து 10⁻⁶க்கு இறக்குங்கள்.

தியூத்திரியத்தைப் பின்தொடர வேண்டிய தேவையே இல்லையென்றால் அதை விட்டுவிடலாம். பிறக்கும் வீதமும் அழியும் வீதமும் சமம் என்று வைத்து, புரோத்தன்-புரோத்தன் தாக்கம் நேரே ஈலியம்-3 தருகிறது என்று எழுதினால் விறைப்பின் பெரும்பகுதி போய்விடும். முதல் செயற்றிட்டத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஓட்டும்போது இடைக்கிடை விடையைக் கோப்பில் எழுதி வையுங்கள். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அறிகுறி: ஈலியம் எரியவே மாட்டேன் என்கிறது

பத்துக் கோடி கெல்வினுக்குப் போயும் மூன்று ஈலியம் சேர்ந்து காபன் ஆகவில்லை, வீதம் பல அடுக்கு குறைவு. காமோவ் உச்சியை மட்டும் நம்பியிருக்கிறீர்கள். காபன்-12இல் 7.65 எம்.ஈ.வி.யில் ஒரு கிளர்ந்த நிலை இருக்கிறது. காபன் இவ்வளவு இருக்க வேண்டுமென்றால் இப்படி ஒரு நிலை இருந்தே ஆக வேண்டும் என்று 1953இல் ஹொய்ல் வாதிட்டு, பிறகு ஆய்வுகூடத்தில் உறுதியானது. மூன்று ஈலியத்தின் மொத்தச் சக்திக்கு 379 கே.ஈ.வி. மேலே அது நிற்கிறது. அதன் அகலம் 10 இலத்திரன்வோல்ட்டுக்கும் குறைவு. ஒரு கே.ஈ.வி. இடைவெளியில் புள்ளி வைத்துத் தொகையிட்டால் அந்தப் பரிவு இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும்.

தொகையிட முயலவே வேண்டாம். ஒடுங்கிய பரிவுக்கு மூடிய சூத்திரம் இருக்கிறது, பரிவின் சக்தியை வெப்பச் சக்தியால் வகுத்து எதிர்க்குறியோடு அடுக்கில் ஏற்றினால் போதும். இங்கே ஆரேனியசு வடிவம் உண்மையாகவே திரும்பி வருகிறது. சரிபார்க்க: பத்துக் கோடி கெல்வினில் அடுக்கு 44, படித்திறன் 41.

அறிகுறி: எல்லாம் சரி, 5 சதவீதம் மட்டும் குறைகிறது

புரோத்தன்களைச் சுற்றி இலத்திரன்கள் சூழ்ந்து நின்று விலக்கு விசையைக் கொஞ்சம் மறைக்கின்றன. 1954இல் சால்பீட்டர் இதற்கு எழுதிய திருத்தம் சூரிய மையத்தில் புரோத்தன்-புரோத்தனுக்கு 1.05 வரும். அதன் அடுக்கு இரண்டு அணுவெண்களின் பெருக்கத்தோடு போவதால், நைதரசனும் புரோத்தனும் என்றால் ஏழு மடங்கு அடுக்கு, காரணி 1.4ஐ ஒட்டி. ஐந்து சதவீதம் என்று எல்லாத் தாக்கத்துக்கும் ஒரே திருத்தத்தைப் போட்ட கோட்டில் காபன்-நைதரசன் சுழற்சி இன்னும் கால் பங்கு குறைவாகவே இருக்கும். இது நலிந்த மறைப்புக்கான சூத்திரம். அடர்த்தி மிகக் கூடிய விண்மீனில் அடுக்கு ஒன்றைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது.

சுழற்சி மட்டும் இருமடங்கு கூடுதலாக வருகிறதென்றால் உங்கள் எஸ் காரணி பழையது. நைதரசன்-14க்கு முன்பு 3.5 கே.ஈ.வி.-பார்ண் வரை எழுதுவார்கள். இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கு அடியில் லூனா குழு 2004இல் அளந்ததன் பின் அது ஏறத்தாழப் பாதியானது, இப்போது 1.7ஐ ஒட்டிய எண்ணை எடுக்கிறார்கள். பழைய பாடப் புத்தகத்தின் பின் அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்திருந்தால், புத்தகம் எந்த ஆண்டில் அச்சானது என்று முதலில் பாருங்கள். சூரியனின் சக்தியில் இந்தச் சுழற்சியின் பங்கு ஒரு சதவீதம் அளவுதான், அதிலிருந்து வரும் நியூத்திரினோக்களை பொரெக்சினோ என்ற உணரி 2020இல் பிடித்தது. உங்கள் கோட் சூரியனுக்கு அந்தப் பங்கை ஐந்து, பத்துச் சதவீதம் என்று காட்டினால் எஸ் காரணியை மாற்றினாலும் தீராது. அப்போது வெப்பநிலையைப் பாருங்கள். இருபதாம் அடுக்கில் ஏறுகிற தாக்கம் அது, மைய வெப்பநிலையில் பத்துச் சதவீதம் கூடினாலே ஏழு மடங்காகிவிடும்.